விலகல் என்னும் பெயரும் வேகம் என்னும் பொருளும்

பெங்களூர் மாநகரின் கிழக்குப் பகுதியில், அல்சூர் ஏரிக்கு அணித்தே உள்ளது ஜோகுபாளையம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் பேட்டை அது. அங்கே நாம் குடியிருக்கும் வீட்டிற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அண்டை வீட்டுச் சிறுவன் தன் பௌதிகப் புத்தகத்தோடு வந்தான். பத்தாம் வகுப்பு மாணவன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்க்கும் நம்மிடம் சொற்களுக்குப் பொருள் கேட்டுப் போவது அவன் வழக்கம். அன்று அவன் கேட்டது இது:

"மாமா, இந்த எண்ணுக்குப் பெயர் ஒளிவிலகல் எண். கணக்கிலோ ஒரு வேகத்தை இன்னொரு வேகத்தால் வகுக்கச் சொல்கிறார்கள். விலகலுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நாம் கலைப் பட்டதாரி. சரித்திரமும் இலக்கியமும் கற்றவர்களுக்கு இக்கேள்வி எளிதன்று. ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லி அவனை அனுப்பினோம். பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தபோது, அச்சிறுவனின் ஐயம் ஐரோப்பாவின் பேரறிஞர்களை இருநூறு ஆண்டுகள் அலைக்கழித்த ஐயம் என்று தெரிந்தது. அதன் பின்கதையில் ஓர் அத்தியாயம் நம் பெங்களூரிலேயே எழுதப்பட்டது என்பதும் தெரிந்தது. அவ்வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'விலகல்' என்கின்றன. இலங்கைத் தமிழர் 'முறிவு' என்று வழங்குவர். கன்னடத்தில் 'வக்ரீபவனம்', அதாவது வளைந்துபோதல். இந்தியில் 'அபவர்த்தனம்', அதாவது திரும்பிப்போதல். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் உடைத்தல் என்றே பொருள்படும். இத்தனை மொழிகளும் கண்ணுக்குப் புலப்படும் வளைவையே பெயராகக் கொண்டுள்ளன. வேகத்தைக் குறிக்கும் சொல் எம்மொழியிலும் இல்லை. காரணம் எளிது: வளைவை எவரும் காணலாம். குளத்தில் ஊன்றிய கழி நீர்மட்டத்தில் ஒடிந்ததுபோலத் தோன்றுவதை ஆதி மனிதனும் கண்டிருப்பான். ஒளியின் வேகத்தையோ பதினேழாம் நூற்றாண்டு வரை எவரும் அளந்ததில்லை.

வளைவுக்கு ஒரு விதி உண்டு என்பது வெகு காலத்துக்கு முன்பே தெரிந்தது. பாக்தாத் நகரில் வாழ்ந்த இப்னு சஹ்ல் என்ற கணித அறிஞர், 984-ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலில், ஒளியைக் குவிக்கும் கண்ணாடி வில்லைகளின் வடிவத்தைக் கணிக்கையில் இவ்விதியைக் கையாண்டார். ஹாலந்து தேசத்து ஸ்நெல் 1621-இல் அதைத் தாமாகவே கண்டறிந்தார், ஆனால் அச்சிடவில்லை. பிரான்சின் டேக்கார்ட் 1637-இல் அச்சில் வெளியிட்டார். விதி சொல்வது இதுதான்: காற்றிலிருந்து நீருக்குள் சாய்வாக நுழையும் கதிர், செங்குத்துக் கோட்டோடு காற்றில் ஒரு கோணமும் நீரில் அதைவிடச் சிறிய ஒரு கோணமும் அமைக்கிறது. எவ்வளவு சாய்த்தாலும் அவ்விரு கோணங்களின் சைன் மதிப்புகளுக்கு இடையேயுள்ள விகிதம் மாறுவதில்லை. நீருக்கு அது 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வைரத்துக்கு 2.42. இதுவே ஒளிவிலகல் எண்.

விதி கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. இங்கேதான் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர்.

ஒளி நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்றார் நியூட்டன். நீரை நெருங்கும் துகளை நீர் தன்பால் இழுக்கிறது. அந்த இழுப்பால் துகள் கீழ்நோக்கி வேகம் பெறுகிறது. ஆகவே பாதையும் கீழ்நோக்கித் திரும்புகிறது. எனவே நீரில் ஒளி காற்றைவிட வேகமாகச் செல்ல வேண்டும். அவருடைய ஒளியியல் நூல் 1704-இல் வெளிவந்தது.

ஹாலந்தின் ஹைகன்ஸ், 1690-இல் வெளியிட்ட நூலில், ஒளியை அலை என்று கொண்டார். அவர் கருத்தை விளக்க நம் பேட்டையிலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். பெங்களூரில் 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்தபின் படையோடு தமிழர் பலர் இவ்வூரில் வந்து குடியேறினர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. சிப்பாய்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையாகக் கெட்டித் தரையில் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஏரிக்கரைச் சேறு, வரிசைக்குச் சாய்வாகக் கிடக்கிறது. இடக்கோடியில் உள்ளவன் முதலில் சேற்றில் கால் வைக்கிறான். அவன் நடை தளர்கிறது. வலக்கோடியில் உள்ளவன் இன்னும் கெட்டித் தரையில் வீசி நடக்கிறான். அனைவரும் சேற்றில் இறங்கி முடிப்பதற்குள் வரிசை முழுவதுமே ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. எவரும் திரும்பு என்று கட்டளையிடவில்லை. நடை தளர்ந்ததே திரும்பக் காரணம். ஒளியலையும் இவ்வாறே நீரில் தளர்ந்து திரும்புகிறது என்பது ஹைகன்ஸின் கொள்கை. எனவே நீரில் ஒளி காற்றைவிட மெதுவாகச் செல்ல வேண்டும்.

இரண்டு கொள்கைகளும் ஸ்நெல்லின் விதியைப் பிசகில்லாமல் தந்தன என்பதே இதில் வியப்பு. நீருக்குரிய 1.33 என்னும் எண்ணை இருவரும் ஒப்புக்கொண்டனர். நியூட்டன் அதனால் பெருக்கினார்; ஹைகன்ஸ் அதனால் வகுத்தார். காற்றில் ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் என்று கொண்டால், நீரில் அது நியூட்டன் கணக்குப்படி 4,00,000; ஹைகன்ஸ் கணக்குப்படி 2,25,000. கதிர் எவ்வளவு வளைகிறது என்பதை ஆயிரம் முறை அளந்தாலும் இவ்விரண்டில் எது சரி என்று தீர்மானிக்க இயலாது. தீர்ப்பு வேண்டுமாயின், நீரில் ஓடும் ஒளியை நேரடியாக ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தியே பார்க்க வேண்டும்.

ஒளிக்கு வேகம் உண்டு என்பதையே உலகம் 1676-இல்தான் அறிந்தது. வியாழன் கிரகத்தின் துணைக்கோள் மறைவதும் தோன்றுவதும் கணித்த நேரத்திலிருந்து பிசகுவதைக் கவனித்து, ஒளி வந்துசேரக் காலம் பிடிக்கிறது என்று டென்மார்க்கின் ரோமர் அறிவித்தார். அங்கே தொலைவு கோடிக்கணக்கான கிலோமீட்டர். ஒரு சிறு குழாய் நீரில் ஒளியின் ஓட்டத்தை அளப்பது எவ்வாறு? அந்நாளில் அது நடவாத காரியம். அளவை இல்லாத இடத்தில் பெயரும் புகழும் தீர்ப்புச் சொல்லின. நியூட்டனின் சொல் ஒரு நூற்றாண்டு செல்வாக்கோடு விளங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் யங், பிரான்சின் ஃபிரெனெல் ஆகியோரின் ஆராய்ச்சிகள் அலைக் கொள்கைக்கு வலுவூட்டின. எனினும் வேகத்தின் வழக்கு முடியவில்லை.

வழக்கை முடிக்கும் வழியை 1838-இல் பாரிஸ் நகரத்து அராகோ எடுத்துரைத்தார்: மிக விரைவாகச் சுழலும் கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்துக. ஆனால் பரிசோதனையை நிறைவேற்றுமுன் அவர் கண்பார்வை மங்கிவிட்டது. ஒளியின் வழக்கைத் தொடுத்தவர் அதைத் தம் கண்ணால் காண முடியாமற் போயிற்று. அப்பணியை 1850-இல் முடித்தவர் ஃபூக்கோ.

ஃபூக்கோவின் ஏற்பாடு இது. விநாடிக்குப் பல நூறு முறை சுழலும் சிறு கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறிக்கிறது. ஒரு பாதை காற்று வழியே செல்லும். மற்றொரு பாதை 3 மீட்டர் நீளமுள்ள நீர்க்குழாய் வழியே செல்லும். இரு பாதைகளின் கோடியிலும் உள்ள கண்ணாடிகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒளி போய்த் திரும்புவதற்குள் சுழலும் கண்ணாடி சிறிதே திரும்பியிருக்கும். ஆகவே பிம்பம் சிறிதே இடம் மாறி விழும். எந்த ஒளி அதிகம் தாமதித்ததோ அதன் பிம்பம் அதிகம் நகர்ந்திருக்கும். நீர் வழியே வந்த ஒளி பச்சை சாயல் பெற்றிருந்ததால் எது எந்தப் பிம்பம் என்பதில் குழப்பமில்லை. பச்சைப் பிம்பமே அதிகம் நகர்ந்திருந்தது. நீரில் ஒளி மெதுவாகவே செல்கிறது! நீர் உண்டாக்கிய அந்தத் தாமதத்தை நாம் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு விநாடியைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய காலம் நூற்றைம்பது ஆண்டு வழக்கைத் தீர்த்துவைத்தது. சில வாரங்களில் ஃபிசோ என்பவரும் தனியே சோதித்து அதே முடிவைக் கண்டார்.

எனவே சிறுவனின் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிட்டது. ஒளிவிலகல் எண் என்பது வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை, ஒரு பொருளில் அதன் வேகத்தால் வகுத்து வருவது. வேகம் குறைவது காரணம். கதிர் விலகுவது காரியம்.

பொருளுக்குள் ஒளி ஏன் தளர்கிறது? அணுக்களில் முட்டி மோதி, நின்று நின்று செல்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. அது பொருந்தாது, அப்படி மோதினால் ஒளி நாற்புறமும் சிதறிவிடும், கண்ணாடி வழியே தெளிவாக எதையும் காண இயலாது. உண்மையில் ஒளியலை பொருளிலுள்ள எலக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் தாமும் சிற்றலைகளை எழுப்புகின்றன. வந்த அலையும் எழுந்த சிற்றலைகளும் ஒன்றுகூடி அமையும் அலை சற்றே பின்தங்கி நகர்கிறது. இந்த ஒட்டுமொத்தப் பின்தங்கலையே ஒளிவிலகல் எண் அளக்கிறது. நிறத்துக்கு நிறம் இது வேறுபடும். கண்ணாடியில் ஊதா ஒளி சிவப்பைவிட மெதுவாகச் செல்கிறது. அதனாலேயே முப்பட்டகம் வெள்ளொளியை வானவில்லாக விரிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். 1880-களில் அமெரிக்காவின் மைக்கெல்சன், நீரிலும் கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்திலும் ஒளியின் வேகத்தை அளந்தார். நீரில் விகிதம் எதிர்பார்த்தபடி 1.33 வந்தது. மற்றத் திரவத்தில் ஒளிவிலகல் எண் 1.64 ஆக இருக்க, வேகத்தின் விகிதம் 1.76 வந்தது. அளவை தவறன்று. எண் சொல்வது அலையின் முகடு நகரும் வேகம். நாம் அனுப்பி அளக்கும் ஒளித் துடிப்போ பல நிற அலைகளின் கூட்டம். அக்கூட்டம் முகடுகளைவிடச் சிறிது மெதுவாக நகரலாம். இங்கிலாந்தின் ராலே பிரபு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார். நிறத்துக்கு நிறம் வேகம் பெரிதும் மாறும் பொருள்களில் இவ்வேறுபாடு மிகுதி, நீரில் சொற்பம். அறிவியலில் ஒரு விடை கிடைத்தால் அதன் எல்லையையும் சேர்த்தே கற்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. நீரின்மேல் ஒளி சாய்வாகப் படாமல் நேர்செங்குத்தாகப் பட்டால் என்ன ஆகும்? நம் சிப்பாய்கள் சேற்றை நேரெதிரே சந்தித்தால், அனைவரும் ஒரே நொடியில் சேற்றில் கால் வைப்பர், வரிசை திரும்பாது. ஆயினும் நடை தளரும். அதுபோல, நேராக நுழையும் கதிர் இம்மியும் விலகுவதில்லை, ஆனால் தாமதிக்கிறது. விலகலே இல்லாத இடத்திலும் 'விலகல் எண்' தன் வேலையைச் செய்கிறது! இந்த உண்மையைத் துணைக்கொண்டு ஒரு புதிரை விடுவித்தவர்கள் பெங்களூரில் இருந்தனர்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், நம்மைப் போலவே சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். 1907 முதல் பத்தாண்டுகள் நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்து, அலுவல் நேரம் போக மிஞ்சிய காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி செய்தார். பின்னர் கல்கத்தாவில் பேராசிரியரானார். 1928-இல் அவர் பெயர் தாங்கிய ஒளி விளைவைக் கண்டார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். 1933-இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக வந்தார். மறு ஆண்டு இந்திய விஞ்ஞான அகாதெமியை இதே நகரில் நிறுவினார்.

புதிர் இது. ஒரு திரவத்துக்குள், காதுக்குக் கேளாத மிக நுண்ணிய ஒலியலைகளைச் செலுத்தி, அதன் குறுக்கே ஒளியை அனுப்பினால், எதிர்த் திரையில் ஒரு புள்ளிக்குப் பதில் பல புள்ளிகள் வரிசையாகத் தோன்றுகின்றன. இதனை 1932-இல் அமெரிக்காவில் டிபை, சியர்ஸ் ஆகியோரும், பிரான்சில் லூக்கா, பிகார் ஆகியோரும் கண்டனர். ஏன் அத்தனை புள்ளிகள், ஏன் ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரகாசம் என்பதற்குச் செம்மையான விளக்கம் இல்லை.

1935, 1936 ஆகிய ஆண்டுகளில் இராமனும் அவரோடு பணியாற்றிய என். எஸ். நாகேந்திர நாத்தும் அகாதெமியின் சஞ்சிகையில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டனர். அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒலி செல்லும் திரவத்தில் நெருங்கிய அடுக்கும் தளர்ந்த அடுக்கும் மாறி மாறி அமைகின்றன. நெருங்கிய அடுக்கில் ஒளிவிலகல் எண் சிறிது கூடுதல். ஆகவே அதைக் கடக்கும் ஒளி சிறிது பின்தங்கும். தளர்ந்த அடுக்கைக் கடக்கும் ஒளி சிறிது முந்தும். தட்டையான அலைமுகமாக உள்ளே போன ஒளி, கூரைக்கு இடும் நெளித்தகரம்போல மேடும் பள்ளமுமாக வெளியே வருகிறது. அந்த நெளிவே திரையில் பல புள்ளிகளாகப் பிரிகிறது. கதிர்கள் வளைந்ததாகக் கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அடுக்குக்கு அடுக்கு நேர்ந்த தாமதமே போதும்.

அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் நயம் புலப்படும். விநாடிக்கு ஒரு கோடி முறை அதிரும் ஒலி நீரில் செல்வதாகக் கொள்வோம். அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள அந்நீரை ஒளி கடக்கும் நேரத்தில் ஒலியலை அணுவளவே நகர்ந்திருக்கும். ஒளிக்கு அது உறைந்து நிற்பதுபோலத்தான். எண்ணில் லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் நேர்ந்தாலே, ஒரு சென்டிமீட்டர் பாதையில் ஒளியலை தன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முந்தவோ பிந்தவோ செய்யும். அந்தச் சிறு வேறுபாடே திரையில் கண்ணுக்குத் தெரியும் கோலமாகிறது. ஒலியின் வலுவைக் கூட்டினால் நடுப்புள்ளி மங்கி மறைந்து, பக்கத்துப் புள்ளிகள் ஒளிரும் என்றும் அவர்கள் கணிதம் காட்டிற்று. ஐரோப்பாவில் எடுத்த அளவைகள் அதற்கு இணங்கின. இன்று லேசர் ஒளியை ஒலியால் பிரிக்கவும் திருப்பவும் செய்யும் கருவிகளைப் பற்றிய பாடநூல்களில் 'இராமன்–நாத்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இராமன் 1948-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டு, 1970 நவம்பர் 21-ஆம் நாள் அந்நிலையத்திலேயே காலமானார்.

ஒளியின் தாமதம் இன்று ஆராய்ச்சிச் சாலையோடு நிற்கவில்லை. நம் தொலைபேசிப் பேச்சும் கணினிச் செய்தியும் கண்ணாடி இழைகளில் ஒளியாகவே ஓடுகின்றன. அவ்விழையில் ஒளித் துடிப்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,04,000 கிலோமீட்டர். வெற்றிடத்தில் அது 2,99,792 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து தில்லிக்கு இழை செல்லும் வழி 2,000 கிலோமீட்டர் என்று கொண்டால், செய்தி சென்றுசேர ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு பிடிக்கும். எத்தனை திறமையான பொறியாளரும் அந்த இழைக்குள் இதனைக் குறைக்க இயலாது. கண்ணாடி விதித்த வரி அது.

ஞாயிற்றுக்கிழமை சிறுவன் வந்தான். சிப்பாய்களின் உவமையைத் தரையில் தீக்குச்சிகளை வரிசையாக வைத்துக் காட்டினோம். நேர்செங்குத்தாகச் செல்லும் கதிரைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பெயரே தப்பு, மாமா. தாமத எண் என்றல்லவா வைத்திருக்க வேண்டும்?" என்றான்.

நாம் உடனே விடை கூறவில்லை. சொல்லாக்கமே தொழிலாகக் கொண்ட நமக்கு அது கூரிய கேள்வி. பெயர் வைத்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு வைத்தார்கள்; உள்ளே நிகழ்வது பின்னரே தெரிந்தது. சூரியன் வேகமாகச் சுழலும் பூமியால் மறைகிறது என்று அறிந்த பின்னும் சூரியன் அஸ்தமித்தது என்றே சொல்கிறோம். வழங்கி வேரூன்றிய சொல்லைப் பிடுங்கி எறிந்தால் மாணவர் பழைய நூல்களைப் படிக்க முடியாமற் போகும். ஆனால் பெயரை மட்டும் கொடுத்துப் பொருளைக் கொடாமல் விட்டால், அவர்கள் கணக்குப் போடக் கற்பார்கள், ஒளியை அறியமாட்டார்கள். அவ்வாரம் அலுவலகத்தில் இச்சொல் வரும் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்க நேர்ந்தபோது, ஒளிவிலகல் எண் என்றே எழுதினோம். முதன்முறை வரும் இடத்தில் மட்டும், ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண் என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம்.

சிறுவன் புறப்படுமுன் நம் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். மெல்லிய வில்லை, கடைச் சீட்டில் 1.67 என்று போட்டிருந்தது. தாளில் வகுத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் கண்ணுக்கு வரும் ஒளி இதற்குள் விநாடிக்கு 1,80,000 கிலோமீட்டர்தான் போகிறது, மாமா" என்றான். கணக்குச் சரியாகவே இருந்தது.